வேற்றுக் கிரகத்தில் அம்மா

எங்கள் தோட்டம் ஒரு வாரம் வேற்றுக் கிரகமாக இருந்தது. நான் கதை விடவில்லை, தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். பாலிங் சாலையிலிருந்து பிரிந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் இரண்டு வரிசை லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு ஹால். மற்றதெல்லாம் ரப்பர் மரம். ஓட்டுக் கேட்பவர்களைத் தவிர பூமியிலிருந்து எங்களைத் தேடி யாரும் வந்தது கிடையாது. அப்படிப்பட்ட இடத்துக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கோலாலம்பூரிலிருந்து இரண்டு வேன்களும் ஒரு லாரியும் வந்து நின்றன. லாரியில் ராக்கெட் இருந்தது.

அந்த ராக்கெட்டை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வாரம் ஒருமுறை சாயங்காலம் ஓடிய ஒரு மலாய்த் தொடரில் அது வரும். ஒரு கேப்டன், அவருக்கு இரண்டு கூட்டாளிகள், வாரத்துக்கு ஒரு கிரகம். ஹாலில் தொலைக்காட்சியை ஒரு மர அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி, வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் இருக்கும். அவர் வந்து திறக்கும்வரை நாங்கள் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்போம். பெரியவர்கள் தமிழ்ப் படமோ தமிழ்ச் செய்தியோ போட்டால்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது கேப்டனும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. கேப்டனின் இடுப்பில் தொங்கிய பெட்டிதான். எந்தக் கிரகத்து ஆள் எந்தப் பாஷையில் பேசினாலும் கேப்டன் பெட்டியைத் தூக்கிப் பிடிப்பார். சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் மாறி மாறி எரியும். உடனே பெட்டி அதை மலாயில் சொல்லிவிடும். பூச்சி முகம் வைத்தவன் கீச்சுக் கீச்சென்று கத்தினால்கூட அவனுக்கு என்ன குறை என்று பெட்டி விளக்கமாக எடுத்துச் சொல்லும். மலாய்ப் பாடத்தில் தினமும் அடி வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பெட்டி என்றைக்காவது கடைக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

வேன்கள் வந்தது இலை கொட்டும் பருவத்தில். மரங்கள் மொட்டையாக நிற்க, தரையெல்லாம் சிவப்புச் சருகு. எங்களுக்கு அது பால் குறைந்து கஞ்சியும் குறையும் காலம். படம் எடுக்கிற டைரக்டருக்கோ அதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. பத்து நிமிடத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பார்த்துப் பேசி அனுமதி வாங்கிவிட்டார். செலவில்லாமல் கிரகம் கிடைத்துவிட்டது. கிரகத்து மக்களும் அங்கேயே குடியிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் படத்தில் நடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். தோட்டமே குளித்துக் கிளம்பியது. தீபாவளிச் சேலை வெளியே வந்தது. பவுடர் டின் காலியானது. என் அம்மா, அவளுடைய கல்யாணச் சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். டைரக்டர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். வேன் ஓட்டி வந்த தமிழர் ஒருவர்தான் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் பேசினார்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இதெல்லாம் வேணாமாம். காலையில வேலைக்கு என்னா உடுத்துறீங்களோ அதையே போட்டுட்டு வாங்க."

"ஐயய்யோ, அது நாறுமே அண்ணே!"

"டிவில வாசனை வராதுலா. போய் மாத்திட்டு வாங்க."

பால் கொட்டிக் காய்ந்து அட்டையாய் விறைத்த சட்டை, தலைத்துணி, நெற்றியில் விளக்கு. இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகிற கோலத்தில் எங்கள் ஆட்கள் திரும்பி வந்து நின்றதும் டைரக்டர் கைதட்டினார். மற்ற கிரகங்களுக்கு உடை தைத்துத் தைத்து அவர் களைத்துப் போயிருக்க வேண்டும். எங்களுக்குத் தைக்கவே வேண்டியிருக்கவில்லை. முகத்தில் கொஞ்சம் சாம்பல் மட்டும் பூசச் சொன்னார். பொட்டை அழிக்கச் சொன்னபோது அம்மா முடியாது என்றாள். கடைசியில் விளக்கின் பட்டையைக் கீழே இழுத்துப் பொட்டை மறைத்தார்கள்.

என் சின்னம்மாவும் போய் நின்றாள். அம்மாவுக்கு ஒரே தங்கை, கல்யாணமாகாதவள், எங்களோடுதான் இருந்தாள். களைக்கு மருந்தடிக்கும் வேலை அவளுக்கு. முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு மரங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டே போக வேண்டும். கையுறை என்றால் என்னவென்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. காற்று திரும்பினால் மருந்து முகத்தில்தான் விழும். அப்படி விழுந்து விழுந்து அவளுடைய இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. மற்றதும் எந்நேரமும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸர், உடம்புச் சூடு என்று சொட்டு மருந்து கொடுத்தார். அவர் எழுதிக் கொடுத்தால்தான் டவுன் ஆஸ்பத்திரி. மருந்தால் வந்தது என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. அதை வாய்விட்டுச் சொன்ன வேறொரு குடும்பத்தை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்பதால் எங்கள் வீட்டிலும் யாருக்கும் வாய் வரவில்லை.

டைரக்டர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து சின்னம்மாவின் முன்னால் நின்றார். பிறகு வேன் ஓட்டியிடம் ஏதோ சொன்னார். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, நீங்க கொஞ்சம் பின்னால போய் நில்லுங்கம்மா. சின்னப் பிள்ளைங்க பாக்குற படமாம். பயந்துக்குமாம்."

சின்னம்மா சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தானோ என்னவோ, டைரக்டர் அவளையே கிரகத்து மக்களின் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார். மறுநாள் கேப்டன் வந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார், தலைவி பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று அம்மா கேட்டாள். எதை வேண்டுமானாலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், வேற்றுக் கிரகத்துப் பாஷை மாதிரி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பாஷை அதற்குப் பொருத்தமாக இருந்ததில் எனக்கு அன்று பெருமைதான்.

சாயங்காலம் அடுப்படியில் அம்மா கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் வாய் ஓயாமல் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அம்மா ராக்கெட் கதையைப் பார்த்ததே இல்லை. யார் எந்தப் பாஷையில் பேசினாலும் பெட்டி அதை மலாயில் சொல்லிவிடும், நாடு முழுக்க எல்லாருக்கும் புரியும் என்று நான் சொன்னதும் அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அப்படியேவா சொல்லும்?"

"அப்படியே சொல்லும்மா. பொய்யே சொல்லாது."

"மந்திரிமாரு வீட்டுலயும் இத பாப்பாங்களா?"

"எல்லாரு வீட்டுலயும் பாப்பாங்க."

போன வருஷம் எங்கேயோ வெள்ளம் வந்து, அதைத் தொலைக்காட்சியில் காட்டி, மறு வாரமே பெரிய ஆள்கள் அரிசி மூட்டையோடு போய் நின்றதை அம்மா செய்தியில் பார்த்திருந்தாள். தொலைக்காட்சியில் வந்தால் ஆள் வரும் என்பது அவள் கண்டறிந்த உண்மை. அப்பா வெளியிலிருந்து, "பொழப்பக் கெடுத்துராத, சொல்லிட்டேன்," என்றார். அதற்கு அம்மா, "நாடகத்துல பேசுனத வச்சு வீட்ட காலி பண்ணச் சொல்லுவாங்களா? கேட்டா, அவங்கதான் பேசச் சொன்னாங்கன்னு சொல்லிக்கிறேன்," என்றாள். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, துரைக்கும் டிரெஸருக்கும் பிடிபடாமல் பேச ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தாள்.

மறுநாள் ஒத்திகையில் அவள் சொதப்பினாள். கேப்டன் மோட்டார் சைக்கிள் தொப்பிக்கு வெள்ளிச் சாயம் அடித்து மாட்டிக்கொண்டு வந்து கேட்டதும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நல்லா இருக்கோம் ஐயா," என்று சொல்லிவிட்டுத் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. டைரக்டர் நெஞ்சில் தட்டிக் காட்டி, இங்கிருந்து வர வேண்டும் என்றார்.

அடுத்த தடவை கேமரா ஓடியது. அம்மா கேப்டனைப் பார்த்தாள்.

"ஐயா, என் தங்கச்சிக்கு ஒரு கண்ணு போச்சு. மருந்தடிச்சே போச்சு. இன்னொன்னும் போயிக்கிட்டு இருக்கு. கைக்கு ஒறை கெடையாது, மூஞ்சிக்குத் துணி கெடையாது. கேட்டா வீட்ட விட்டுப் போங்கறாங்க. நாங்க எங்கய்யா போவோம்? எங்க பேச்ச இங்க யாரும் கேக்கல. நீங்க எங்கேருந்து வந்தீங்களோ, நீங்களாச்சும் போயிச் சொல்லுங்க."

சொல்லி முடிக்கும்போது அவள் முகத்துச் சாம்பலில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. டைரக்டர் "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டிக் குதித்தார். அதையே இன்னொரு தடவை, இன்னும் கிட்டத்தில் எடுத்தார். அம்மா இரண்டாவது தடவையும் ஒரு சொல்லை விடாமல் சொன்னாள், இரண்டாவது தடவையும் அழுதாள். டைரக்டருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சாமான்களை ஏற்றும்போது அந்த வேன் ஓட்டி மட்டும் அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, நெசமாவே கண்ணு போச்சா?"

"பொய்யா சொல்லுவேன்?"

"அப்படின்னா இத நம்பிக்கிட்டு இருக்காதீங்க. நாளைக்கே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. வேலை போனா போவுதுலா."

அவர் போனதும் அம்மா, "வண்டி ஓட்டுறவருக்கு என்னா தெரியும்," என்றாள்.

அதன் பிறகு நாங்கள் காத்திருந்தோம். அம்மா வாரம் தவறாமல் ஹாலுக்கு வந்து பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தாள். பஞ்சு கொட்டிய பனிக் கிரகம் வந்தது, கடலுக்கடியில் ஒரு கிரகம் வந்தது. கேப்டன் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் அம்மா முட்டிபோட்டு எழுந்து கவனமாகக் கேட்பாள். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்தாளோ என்னவோ. மரங்கள் துளிர்த்தன, மழை வந்தது, களை மண்டியது. களை மண்டினால் மருந்தும் கூடும். சின்னம்மா ஈரத் துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு போய் வந்தாள். "அக்கா, மங்கலா இருக்கு," என்று ஒரு நாள் சொன்னபோது அம்மா அவள் தலையைத் தடவி, "கொஞ்சம் பொறுத்துக்க. டிவில வந்துட்டா ஒனக்குப் பெரிய டாக்டரே வருவாங்க," என்றாள். சின்னம்மா பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்வதில் எங்கள் குடும்பத்தை அடிக்க ஆள் கிடையாது.

எங்கள் கிரகம் வரப்போவதை முந்தின வாரமே கொஞ்சம் காட்டிவிட்டார்கள். அது வந்த நாளில் ஹாலில் நிற்க இடமில்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். அம்மா அன்றைக்குக் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டாள். சின்னம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, தொலைக்காட்சிக்கு மிக அருகில் உட்கார வைத்தாள். அதற்குள் சின்னம்மாவுக்குத் திரையில் வெளிச்சம் அசைவது மட்டும்தான் தெரிந்தது.

எங்கள் சிவந்த தரை வந்தது. ஹால் அலறியது. "அந்தா எம் மாமியா!" "டேய், நம்ம கோழிடா அது!" என்று ஒரே கூச்சல். கேப்டன் எங்கள் வாய்க்காலை ஏதோ பெரிய ஆபத்து மாதிரி தாண்டினார். பிறகு அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. சாம்பலும் நெற்றி விளக்குமாக, எனக்கே புதிய ஆளாக இருந்தாள். மண்டோர் எழுந்து நின்று எல்லோரையும் அதட்டி வாயை மூட வைத்தார்.

"ஐயா," என்றாள் திரையில் அம்மா. அவ்வளவுதான் கேட்டது. கேப்டன் பெட்டியைத் தூக்கினார், விளக்குகள் எரிந்தன. அம்மாவின் வாய் அசைந்துகொண்டே இருக்க, பெட்டி தன் தகரக் குரலில் பேசியது.

"காமி கெம்பிரா டி சினி. துவான் காமி பாய்க்."

நாங்கள் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறோம், எங்கள் எஜமான் நல்லவர். இதைப் புரிந்துகொள்ள யாரும் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் அந்த அளவு மலாய் தெரியும். அம்மாவின் கண்ணீர் வழிந்தது. அது ஆனந்தக் கண்ணீராம், பின்னால் வயலின் வாசித்தார்கள். கேப்டன் ராக்கெட்டில் ஏறும்போது தன் கூட்டாளியிடம், இவ்வளவு நல்ல மக்களை நான் எந்தக் கிரகத்திலும் பார்த்ததில்லை என்றார். யாரோ ஒரு பையன் சிரித்தான். அவனுக்கு அவன் அம்மாவிடமிருந்து ஓர் அடி விழுந்தது.

விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது சின்னம்மா அம்மா பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அக்கா, நீ பேசுனது எப்ப வரும்?"

அம்மா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம்," என்றாள்.

நான் அதை நம்பினேன். பெட்டி ஏதோ கோளாறாகிவிட்டது, அடுத்த வாரம் சரி செய்துவிடுவார்கள் என்று என் கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தேன். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மாவைப் பார்த்து யாரோ, "நீயே சொல்லிட்டியே, தொர நல்லவருன்னு," என்று கேலி செய்ததாக அப்பா வந்து சொன்னார். வீட்டில் அவள் பேசுவதே குறைந்துவிட்டது.

அடுத்த வாரம் அம்மா ஹாலுக்கு வரவில்லை. தலை வலிக்கிறது என்றாள். சின்னம்மா நான் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். அன்றைக்கு வேறு கிரகம், தலையில் கொம்பு முளைத்த ஆட்கள். கடைசிப் பாட்டு ஓடும்வரை நான் பொறுமையாகப் பார்த்தேன். அம்மா வரவே இல்லை. என்னை முட்டாளாக்கிவிட்டாள் என்று அவள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பும் வழியில் சின்னம்மா என் தோளை அழுத்தினாள்.

"வந்துச்சுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு."

"வரலியே சின்னம்மா. கொம்பு வச்சவங்கதானே வந்தாங்க."

"எனக்குக் கேட்டுச்சு. ஒரு வார்த்தை விடாம நல்லாக் கேட்டுச்சுன்னு சொல்லு."

பெரியவர்கள் சொன்னதைச் செய்தால் நல்ல பிள்ளை என்று பெயர் கிடைக்கும். நான் வீட்டுக்குள் ஓடி, "அம்மா, நீ பேசுனது வந்துச்சு, சின்னம்மாவுக்கு நல்லாக் கேட்டுச்சாம்," என்றேன். அம்மா என்னை ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அப்படி அடித்ததே இல்லை. அடித்துவிட்டு, வாசலில் சுவரைத் தடவிக்கொண்டு நின்ற தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதது அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

விடிந்ததும் இரண்டு பேரும் பெரட்டுக்குப் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல், டிரெஸரிடமும் கேட்காமல் சாலைக்கு நடந்து போய் முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள். அம்மா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள். நானும் வருகிறேன் என்று அழுது புரண்டேன், அப்பா இழுத்துப் பிடித்துக்கொண்டார். அறை எனக்கு, டவுன் பயணம் அவர்களுக்கா என்று நாள் முழுக்க மனத்துக்குள் கருவிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்திலேயே கொண்டு வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம், இத்தனை மாதம் எதற்காகக் காத்திருந்தீர்கள் என்று அங்கே டாக்டர் கேட்டது எனக்குத் தெரிய வந்தது வெகு காலம் கழித்து.

பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். சின்னம்மாவின் கண்களில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அம்மா அவளை நடத்திக்கொண்டு வந்தாள். நான் ஓடிப்போய் அம்மாவின் கைப்பையைப் பிடித்து இழுத்து, "எனக்கு என்னா வாங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். பைக்குள் மருந்துப் புட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தக் கோபத்தில் அன்று நான் சோறு தின்ன மாட்டேன் என்று மூலையில் போய்ப் படுத்துக்கொண்டேன். யாரும் வந்து என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.